ஓடைக்கரை நொச்சி, கடற்கரை அடம்பு

"தாயே, நான் நட்ட நொச்சி ஏன் பட்டுப்போச்சு?"

ஆதிலிங்கம் இதைக் கேட்டபோது உமையாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எங்க நட்டிய அண்ணாச்சி?"

"கடலுக்கு எதிர. வரிசையா."

"தண்ணி ஊத்துனியளா?"

"குடம் குடமா. ஊரே சேர்ந்து ஊத்துச்சு."

"அப்ப உப்பு?"

உப்பைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்த நாளிலிருந்து அதைத்தான் மூச்சாக இழுக்கிறார். அவர் கேட்டது உப்பைப் பற்றி இல்லை. தான் நட்ட ஒன்று எப்படி நிற்காமல் போகும் என்பதுதான் அவருடைய கேள்வி.

ஆதிலிங்கம் தாழந்துறையின் தலைவர். குரலை உயர்த்தாமலே ஒரு கூட்டத்தை உட்கார வைக்கிற மனுஷர். வடக்கே ஓடை, கிழக்கே கடல், நடுவில் நாற்பது வீடு. அதுதான் தாழந்துறை.

உமையாள் அவரைவிட இருபது வயது சிறியவள். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். ஏன் விட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஓடை கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு மணல்மேட்டில், ஓலைக்குடிசை போட்டுக்கொண்டு இருந்தாள்.

ஒருநாள் ஆதிலிங்கம் ஒரு வலைத் தகராறைத் தீர்த்து வைத்துவிட்டு அந்த வழியாகப் போனார். முகத்தில் பெருமை தெரிந்தது. அவள் அவரைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டுப் போனாங்களா, பாக்காம போனாங்களா?"

அவர் திரும்பிப் போய், தீர்த்த தகராறை மறுபடி முதலிலிருந்து தீர்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை குடிசை வாசலில் வந்து உட்கார்ந்தார். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. அதிலிருந்து எல்லா வெள்ளிக்கிழமையும் வருகிறார். அவளுக்கு அவர் அண்ணாச்சி. அவருக்கு அவள் தாயே.

உமையாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணாச்சி, ஓடைக்கரையில நொச்சி நிக்கி. கடக்கரையில அடம்பு கிடக்கு. ரெண்டையும் பாத்துட்டு வாங்க. எது உசத்தின்னு சொல்லுங்க."

"இதுக்குப் பாக்கணுமா? இங்க உக்காந்தே சொல்லுதேன். நொச்சிதான்."

"ஏன்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தெரிந்த கேள்வி கேட்கப்பட்ட சந்தோஷம்.

"நொச்சி நிக்கும். அடம்பு படுத்தே கிடக்கும். நொச்சி இலையைக் கொதிக்க வச்சு ஆவி பிடிச்சா மண்டைக் கனம் போயிரும். கொப்பை வெட்டினா கூடை முடையலாம். அடம்பங்கொடியை என்ன செய்ய? மிதிச்சுக்கிட்டுப் போகலாம். அது பூவாவது நிக்குமா? காலையில விரியும், வெயில் ஏறினா சுருங்கிரும்."

"சரி. இது நீங்க பாத்ததா, நினைச்சதா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

உமையாள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆதிலிங்கம் எழுந்து போனார்.

*

நொச்சி மேல் அவருக்கு இருந்த பற்றுக்குக் காரணம் இருந்தது.

அவருக்கு மீசை கறுப்பாக இருந்த காலத்தில் ஒரு மழைக்கு ஓடை உடைத்துக்கொண்டது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து அடுப்பு மிதந்தது. வடிந்த மறுநாள் ஊரே மூட்டை கட்டியது. ஆளுக்கொரு சொந்தக்காரர் ஊருக்குப் போவதாகப் பேச்சு.

ஆதிலிங்கம் பாதையில் குறுக்கே போய் உட்கார்ந்தார்.

"என்னைத் தாண்டிப் போறவங்க போகலாம்."

ஒருவரும் தாண்டவில்லை.

அன்றைக்கே ஓடைக்கரையில் நொச்சிக் கொப்புகளை ஒடித்து ஊன்ற ஆரம்பித்தார். ஊரும் வந்து கைகொடுத்தது. அவை வேர் பிடித்து, புதராகி, வேலியாகி நின்றன. அப்புறம் எத்தனையோ வெள்ளம் வந்தது. வெள்ளம் வரும்போது நொச்சி தரையோடு படுக்கும். வடிந்ததும் எழுந்து நிற்கும். கரை ஒரு கூடை மண்கூட இழக்கவில்லை.

அவரைத் தலைவராக்கியது அந்த வேலிதான்.

இப்போது தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் கொஞ்சம் உள்ளே வந்தது. வந்தது திரும்பிப் போகவில்லை. போன வருஷம் முன்வரிசை வீடுகளைக் கொண்டுபோனது. ஊர்க்கிணறு கரித்தது.

அரசாங்கத்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். நாற்பது வீட்டுக்கும் சேர்ந்தாற்போல் ஒரே இடத்தில் நிலம் இல்லை என்று மூன்று இடம் காட்டினார்கள். மேற்கே ஒரு பனங்காடு. தெற்கே கரை உயர்ந்த இடத்தில் ஒரு துண்டு. உப்பளத்தை ஒட்டி ஒரு பொட்டல்.

"போனா எல்லாரும் ஒரே இடத்துக்குப் போவோம்," என்றார் ஆதிலிங்கம். "இல்லேன்னா ஒருத்தரும் அசையக் கூடாது. மூணா பிரிஞ்சா ஊரு செத்துப்போகும்."

ஊர் தலையாட்டியது. அவர் சொல்லி ஊர் கேட்காமல் இருந்ததே இல்லை.

*

ஓடைக்கரைக்கு முதலில் போனார்.

நொச்சி பூத்திருந்தது. ஊதாவா நீலமா என்று சொல்ல முடியாத பொடிப்பூ, கொத்துக் கொத்தாக. இலைகளைக் காற்று புரட்டும்போது அடிப்பக்கம் வெள்ளி மாதிரி மின்னியது. விரல் விரலாகப் பிரிந்த இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தன் கை மாதிரியே இருப்பதாக நினைத்துக்கொண்டார்.

அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கிளறினார். கீழே பருத்த வேர். அதைப் பிடித்து உலுக்கினால் செடி முழுக்கக் குலுங்கியது. இன்னார் இன்ன இடத்தில் நிற்கிறார் என்று சொல்லுகிற மாதிரி ஒரு நிற்பு.

அவருக்குத் திருப்தியாக இருந்தது.

பிறகு கடற்கரைக்கு வந்தார். மணலில் அடம்பு எட்டுத்திக்கும் ஓடிக்கிடந்தது. இலை ஆட்டுக்குளம்பு மாதிரி பிளந்திருந்தது. ஊதா கலந்த சிவப்பில் புனல் புனலாகப் பூ.

சரி, இதற்கும் வேரைப் பார்த்துவிடுவோம் என்று ஒரு கொடியைப் பிடித்து இழுத்தார். கொஞ்சம் வந்து நின்றது. அங்கே கணுவில் வேர். அதைப் பிடுங்கிவிட்டு இழுத்தார். மறுபடி நின்றது. அங்கேயும் வேர். கொடி இரண்டாகப் பிரிந்தது. ஒன்றை விட்டு ஒன்றைத் தொடர்ந்தார். அது இன்னொரு கொடிக்கு அடியில் புகுந்து வெளியே வந்தது. எது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலும் கையுமாக மணலில் போனார்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த மாடத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். புருஷன் போன பிறகு தனியாகத் தொழில் செய்து பிள்ளைகளைக் கரையேற்றியவள். தலைவர் என்று பார்த்துப் பேசுகிற வாயில்லை அவளுக்கு.

"தலைவரே, எதைத் தொலைச்சிய?"

"தாய்வேரைத் தேடுதேன்."

"யாரு தாய்?"

"இந்தக் கொடிக்கு."

"இங்க நின்னு பாத்தா, அது உங்களைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போற மாதிரி இருக்கு."

அவர் முழங்கால் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை உமையாளிடம் சொன்னார்.

"பாத்துட்டேன் தாயே. நினைச்சது சரிதான். அடம்புக்கு அடியும் இல்ல, தலையும் இல்ல. எங்க பாத்தாலும் வேர். தாய்வேருன்னு ஒண்ணைக் காணவே முடியல. அது ஒரு செடியா, ஆயிரம் செடியான்னே தெரியல."

"உங்களுக்கு அது பிடிக்கலையா?"

"பிடிக்கல. தலைவன் இல்லாத ஊரு மாதிரி இருக்கு."

உமையாள் வாய்விட்டுச் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று சொல்லவில்லை. அவருக்கு மோர் கலக்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டுப் போனார்.

*

ஐப்பசி கடைசியில் ஒரு மத்தியானம் கடல் ஏறியது.

காற்று இல்லை, மழை இல்லை. தண்ணீர் மட்டும் எழுந்து வந்தது. மணல்மேட்டைத் தாண்டி, தெருவில் ஓடி, சுவர்களின் அடியை அரித்தது.

பட்டுராசன் வீடு கடலைப் பார்த்தபடி கடைசியாக மிஞ்சியிருந்த வீடு. அவன் வலையை இழுத்து மேலே போட ஓடியிருந்தான். உள்ளே அவன் பெண்டாட்டி பூரணம் உலை வைத்துக்கொண்டிருந்தாள். எட்டு மாசக் கர்ப்பிணி. வாசல் பக்கத்துச் சுவர் ஒரு சத்தத்தோடு வெளியே சாய்ந்தது. கூரை ஒரு பக்கமாக இறங்கி அவளை மூலையில் வைத்து அடைத்தது.

ஆதிலிங்கம்தான் முதலில் வந்தார். பின்பக்க ஓலையை அரிவாளால் கிழித்து உள்ளே கையை விட்டார். இருட்டில் ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"மாமா, விட்டுராதிய."

"விட மாட்டேன் தாயி. மெல்ல வா. தலையைக் குனிஞ்சு வா."

அவளை வெளியே இழுத்துத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மன் கோயில் மேட்டுக்கு நடந்தார். இடுப்பளவு தண்ணீர். அந்த வயதில் அந்தக் கனத்தை எப்படித் தூக்கினார் என்று பிறகு அவருக்கே தெரியவில்லை.

பட்டுராசன் ஓடி வந்தான். பூரணத்தின் முகத்தைத் தொட்டுப் பார்த்தான். வயிற்றில் கை வைத்துப் பார்த்தான். பிறகு ஆதிலிங்கத்தின் பக்கம் திரும்பினான்.

"மாமா, நான் இவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன். மூணு இடத்துல ஏதாவது ஒரு இடம்."

"நில்லு."

வார்த்தை அவரை அறியாமல் வந்தது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம்.

"நிக்கதுக்கு மண்ணு இல்லையே மாமா," என்றான் பட்டுராசன்.

சொன்னானே தவிரப் போகவில்லை. அங்கேயே நின்றான். கண் பெண்டாட்டி மேல் இருந்தது. கால் மட்டும் அசையவில்லை.

ஆதிலிங்கம் அந்தக் கால்களைப் பார்த்தார்.

அவன் போயிருந்தால் அவருக்குக் கோபம் வந்திருக்கும். போகாமல் நின்றதுதான் அவரை என்னவோ செய்தது. கடல் ஏறியபோது வராத பயம் அப்போது வந்தது. தன் சொல்லைப் பார்த்து வந்த பயம்.

*

காலையில் கடல் ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கிக் கிடந்தது.

மணல்மேட்டைக் கத்தியால் அரிந்து எடுத்த மாதிரி இருந்தது. அரிந்த முகத்தில் அடம்பின் வேர்கள் நூல் நூலாக வெளியே தொங்கின. கொடிகள் துண்டு துண்டாக அறுந்து கரை நெடுகச் சிதறியிருந்தன. சில அலையில் மிதந்தன.

உமையாளின் குடிசை தப்பியிருந்தது. அவள் கரையில் நின்றுகொண்டிருந்தாள். ஆதிலிங்கம் அவளிடம் போனார். கண் சிவந்திருந்தது.

"பாத்தியளா தாயே? உங்க அடம்பை?"

"பாத்தேன்."

"துண்டு துண்டா போச்சு."

"ஆமா."

அவள் குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். கணு இருக்கிறதா என்று விரலால் தடவினாள். மணலில் ஒரு குழி பறித்து அதைப் புதைத்தாள். நடந்து போய் இன்னொரு துண்டை எடுத்தாள். அதை வேறு இடத்தில் புதைத்தாள். ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைக்கவில்லை. ஒன்று மேட்டில், ஒன்று சரிவில், ஒன்று தாழம்புதர் ஓரம்.

ஆதிலிங்கம் பின்னாலேயே நடந்தார்.

"இது பிழைக்குமா?"

"தெரியல அண்ணாச்சி."

"எது முதல்ல முளைச்சதுன்னு தெரியாம, எது தாய் எது பிள்ளைன்னு தெரியாம நடுதிய."

"கொடிக்குத் தெரியுமான்னு கேட்டுப் பாருங்க."

அவருக்குச் சலிப்பு வந்தது. மணலில் உட்கார்ந்துவிட்டார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அப்ப அடம்புதான் உசத்தின்னு சொல்லுதியளா? ஓடை உடைச்சப்ப இந்தக் கொடியா கரையைக் காப்பாத்திச்சு? நொச்சியில்ல நின்னுச்சு? நான் செஞ்சது தப்பா?"

"தப்பில்ல."

"பின்ன எதுதான் உசத்தி? ஒரு வார்த்தை சொல்லிருங்க."

உமையாள் கையிலிருந்த மணலைத் தட்டினாள். ஓடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். கடல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"இப்ப தண்ணி எந்தப் பக்கமிருந்து வருது அண்ணாச்சி?"

அவர் தலை கடல் பக்கம் திரும்பியது.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த துண்டை எடுக்கப் போனாள். அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் கிடந்த ஒரு துண்டைத் தன் கையால் எடுத்தார். கணு எங்கே என்று தேடினார்.

*

ஊர் கோயில் மண்டபத்தில் தங்கியது. மழை பிடித்துக்கொண்டது. பெரிய பாத்திரத்தில் கஞ்சி காய்ச்சிக் குடித்தார்கள். பூரணத்துக்கு மட்டும் மாடத்தி எங்கிருந்தோ முட்டை கொண்டுவந்து அவித்துக் கொடுத்தாள்.

மழை விட்டதும் ஆதிலிங்கம் கரைக்கு நடந்தார்.

தாழம்புதர் ஓரம் புதைத்த துண்டில் ஒரு இலை மடங்கியபடி வெளியே வந்திருந்தது. மேட்டில் வைத்தது இன்னும் ஒன்றும் காட்டவில்லை. சரிவில் வைத்தது இரண்டு பக்கமும் விரல் நீட்டியிருந்தது. அவர் நட்டதைத் தேடினார். அதன் மேல் மணல் மூடியிருந்தது. விலக்கிப் பார்த்தார். உள்ளே, மணலைத் தள்ளிக்கொண்டு, வெளிறிய முனை ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது.

விலக்கிய மணலை மறுபடி மூடிவிட்டு எழுந்தார்.

நேராக மண்டபத்துக்குப் போய்க் கூட்டம் போட்டார்.

"நாளைக்கே கிளம்புவோம்," என்றார். "மூணு இடத்துக்கும்."

வயசாளி ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"மூணா பிரிஞ்சா ஊரு செத்துப்போகும்னு நீங்கதான சொன்னிய?"

"சொன்னேன்."

"இப்ப?"

"இப்ப போங்கன்னு சொல்லுதேன். அன்னைக்கும் நான்தான் சொன்னேன், இன்னைக்கும் நான்தான் சொல்லுதேன். நான் பாதையை மறிச்சு உக்காந்தப்ப வெள்ளம் ஓடையில வந்துச்சு. இப்ப கடல்ல வருது."

பட்டுராசன் சுவரில் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அப்ப அம்மன்?" என்று ஒரு குரல் கேட்டது.

அதுதான் எல்லார் மனசிலும் இருந்த கேள்வி. பேச்சியம்மன் ஒரே சிலை. பனங்காட்டுக்குப் போகிறவர்கள் எங்களுக்கு என்றார்கள். தென்கரைக்குப் போகிறவர்கள் கடலைப் பார்த்து இருந்த சாமி கடலைப் பார்த்துத்தான் இருக்கணும் என்றார்கள். குரல் ஏறியது. யாரோ யாருடைய துண்டையோ பிடித்தார்கள்.

ஆதிலிங்கம் எழுந்து சன்னதிக்குள் போனார். அம்மன் காலடியில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். மஞ்சள் துணியில் முடிந்தார். இன்னொரு பிடி எடுத்தார். இன்னொரு துணி. மறுபடியும் ஒரு பிடி.

மூன்று முடிச்சையும் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவில் வைத்தார்.

"பிடிமண்ணு. சிலை இருந்த இடத்துல இருக்கட்டும். இதைக் கொண்டு போய் வச்சுக் கும்பிடுங்க. வச்ச இடத்துல அவ இருப்பா."

"இதுல எது தலைவரே நிஜ அம்மன்?" என்றான் ஒருவன்.

"நாலு பெத்தவகிட்டப் போய்க் கேளுல," என்றாள் மாடத்தி, "எந்தப் பிள்ளை நிஜம்னு."

மண்டபம் சிரித்தது. கடல் ஏறிய பிறகு அந்த ஊர் சிரித்த முதல் சிரிப்பு அது.

அந்தச் சிரிப்பிலேயே வீடுகள் பிரிந்து பேச ஆரம்பித்தன. யார் எங்கே, யாரோடு யார். பூரணமும் பட்டுராசனும் பனங்காட்டுக்கு. அங்கேயிருந்து ஆஸ்பத்திரி பக்கம். மாடத்தி தென்கரைக்கு. உப்பளத்துப் பொட்டலுக்குத்தான் ஆள் சேரவில்லை. வேறு போக்கில்லாத ஐந்தாறு வீடுகள் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் நின்றன.

"தலைவரே, நீங்க எங்க கூட," என்றார்கள் பனங்காட்டுக்காரர்கள்.

"அதெப்படி? எங்க கூடத்தான்," என்றார்கள் தென்கரைக்காரர்கள்.

"நாளைக்குச் சொல்லுதேன்," என்றார் அவர்.

*

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. ஆனாலும் மணல்மேட்டுக்குப் போனார்.

"தாயே, நான் யாரு கூடப் போக?"

உமையாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவருக்கு நீட்டினாள். அவர் குடித்தார். செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டே கேட்டாள்.

"உப்பளத்துப் பக்கம் குடிக்க நல்ல தண்ணி கிடைக்குமா அண்ணாச்சி?"

"எங்க கிடைக்கும்? வாயில வைக்க முடியாது. கொஞ்சம் மேற்க தள்ளி, பழைய செம்மணல் தேரிமேட்டு ஓரமா கிணறு வெட்டினா ஒருவேளை..."

பாதியில் நிறுத்தினார்.

செம்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உரக்கச் சிரித்தார். அவரோடு அவளும் சிரித்தாள்.

"மண்வெட்டி இருக்கா தாயே? என்னோடது கடல்ல போச்சு."

குடிசைக்குப் பின்னால் போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

மறுநாள் பனங்காட்டுக்குப் போன வண்டியில் ஒரு கட்டு நொச்சிக் கொப்பு ஏறியது. அங்கே ஒரு வாய்க்கால் உண்டு. தென்கரைக்குப் போன வண்டியில் மாடத்தி ஒரு கூடை அடம்பங்கொடியைத் தூக்கிப் போட்டாள். உப்பளத்துக்குப் போனவர்கள் மட்டும் தலைவரின் கையைப் பார்த்தார்கள். மண்வெட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நாம எதை நட?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"போய்ப் பாப்போம். அங்க என்ன முளைக்குதுன்னு."

பொட்டலில் கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளை. இடையிடையே உமரிச் செடிகள், குட்டையாக, கொழுத்த பொடி இலைகளோடு. ஆதிலிங்கம் ஒரு செடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அது பூக்குமா, பூத்தால் எங்கே பூக்கும் என்று முகத்தை நன்றாகக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நொச்சியின் ஞாபகமோ அடம்பின் ஞாபகமோ அவருக்கு வரவில்லை.

பிறகு கிணறு வெட்ட இடம் தேடிக் கிளம்பினார்.

முதல் குழியில் உப்பு. இரண்டாவதிலும் உப்பு. கூட வந்தவர்கள் கை சோர்ந்தார்கள். அவர் சோரவில்லை. தேரிமேட்டு ஓரத்தில், செம்மண்ணும் வெள்ளை மணலும் சேருகிற இடத்தில், ஒரு நாள் மண்வெட்டி ஈரத்தில் இறங்கியது. ஊறிய தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்தார். உடனே விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். சுற்றி நின்றவர்கள் அவர் தொண்டையையே பார்த்தார்கள்.

"குடிங்க," என்றார்.

மார்கழியில் பனங்காட்டிலிருந்து ஆள் வந்தது. பூரணத்துக்குப் பெண் குழந்தை. ஆதிலிங்கம் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு, குழந்தை நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்துவிட்டு வந்தார். அந்த மாதமே கடல் பழைய கோயில் மண்டபத்தை எடுத்துக்கொண்டது.

*

இரண்டு மழைக்காலம் போனது.

உப்பளத்துச் சாலை ஓரத்தில் ஆதிலிங்கம் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தார். மொபெட்டில் பெட்டி கட்டிய ஒரு மீன் வியாபாரி வண்டியை நிறுத்தினான். ரொம்ப காலம் வடக்கே எங்கோ இருந்துவிட்டு வந்தவன். தண்ணீர் கேட்டான். அவர் கிணற்றிலிருந்து மொண்டு கொடுத்தார்.

"நல்ல தண்ணியா இருக்கே பெரியவரே, இந்த உப்புக் காட்டுல!"

"ம்."

"ஒண்ணு கேக்கணும். தாழந்துறையில எங்க அப்பா காலத்துல இருந்து எங்களுக்கு ஏவாரம். இப்ப அந்தப் பக்கம் போறேன்னு சொன்னா எல்லாரும் கையை விரிக்காங்க. தாழந்துறை கடலுக்குள்ள போயிட்டாமே, நிஜமா?"

ஆதிலிங்கம் முள்ளைக் கீழே வைத்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

"எந்தத் தாழந்துறை?"